நான்கு பன்றிகளும் வராத ஐந்தாவதும்

கேள்வி: அம்மா காலமான பிறகு வீட்டை ஒதுக்கும்போது, சின்ன வயதில் நான் வைத்திருந்த நாட்வெஸ்ட் வங்கிப் பன்றி உண்டியல்கள் நான்கு கிடைத்தன. ஐந்தாவதான சர் நத்தானியேல் எங்களுக்கு வரவே இல்லை. 1987-ல் என் கணக்கிலிருந்து 60 பவுண்ட் எடுத்திருப்பதாகப் பழைய பாஸ் புத்தகம் சொல்கிறது. சித்தப்பாவை ஊரிலிருந்து கூப்பிட உண்டியல்காரரிடம் கொடுத்த காசு என்கிறார் அப்பா. இப்போது நத்தானியேலை வாங்கிச் செட்டை முடிக்க ஆசை. போலியில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? நான்கில் ஒன்றான உட்டியின் காது கொஞ்சம் உடைந்திருக்கிறது. ஒட்டிப் பூசலாமா, அல்லது நல்லதாக ஒன்று வாங்கி அந்த இடத்தில் வைக்கலாமா?
— ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு உண்டியல் இருக்கிறது. நம் ஆட்கள் ஊருக்குக் காசு அனுப்பிய வழிக்கும் அதே பெயர்தானே! உங்கள் வீட்டில் அந்த உண்டியலுக்குப் போன காசால்தான் இந்த உண்டியல் வரிசை நான்கோடு நின்றது. வாசித்துவிட்டு வெகு நேரம் வேறு வேலை ஓடவில்லை.

பிள்ளைகளுக்குப் பன்றி உண்டியல் கொடுத்த நாட்வெஸ்டின் அந்தச் சேமிப்புத் திட்டம் 1983 கடைசியில் தொடங்கியது. 3 பவுண்ட் போட்டுக் கணக்குத் திறந்த பிள்ளைக்கு நாப்கின் கட்டிய குழந்தைப் பன்றி உட்டி கையில் வரும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இருப்பைப் பார்ப்பார்கள். 25 பவுண்ட் இருந்தால் அனபெல், 50 என்றால் மாக்ஸ்வெல், 75 என்றால் லேடி ஹிலரி, 100 தொட்டால்தான் குடும்பத் தலைவர் சர் நத்தானியேல். எவ்வளவு வசதி இருந்தாலும் ஐந்தும் சேர இரண்டு வருடம் ஆகும். கணக்குத் திறந்த எல்லாப் பிள்ளைக்கும் உட்டி கிடைத்தது, 100 வரை போன பிள்ளைகள் குறைவு. இன்று உட்டி மலிவாகக் கிடைப்பதும் நத்தானியேலுக்கு விலை ஏறி நிற்பதும் அதனால்தான். ஹிலரி உங்களிடம் இருக்கிறாள் என்றால், புதிதாக வந்து இறங்கிய ஒரு குடும்பம் பிள்ளையின் பெயரில் 75 பவுண்ட் சேர்த்திருக்கிறது. அந்த நாளில் அது சின்னக் காசில்லை.

நத்தானியேலை வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் பார்த்து வாங்குங்கள். பல வருடங்களுக்கு முன் சந்தையில் ஒருவரிடம் நான் வாங்கிய நத்தானியேல் பார்வைக்கு அசலாகவே இருந்தது. சிநேகிதியின் நத்தானியேலுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் விரல் அகலம் குட்டையாக இருப்பது தெரிந்தது. காரணம் மண். இவற்றைச் செய்த வேட் நிறுவனம் இருந்த ஊர் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட். மண்பாண்டத்தாலேயே வளர்ந்த ஊர் அது. அங்கே கூழ் போல் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவர் போல மண் படியும். மிச்சக் கூழை வடித்துவிட்டு, காயவைத்துச் சூளையில் சுடுவார்கள். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். சுட்டு முடித்த அசல் பொம்மையையே வைத்து அச்செடுத்து நகல் செய்பவருக்கு அந்தச் சுருக்கம் இன்னொரு தடவை நடக்கிறது. ஒரு சாண் உயரத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிடும். அதனால் விற்பவரிடம் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்திப் படம் கேளுங்கள். வேட் சேகரிப்பாளர்களின் விலைக் கையேட்டில் இருக்கும் உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு வசதி உங்களுக்கு உண்டு. வங்கியே கொடுத்த நான்கு அசல் உங்கள் கையில் இருக்கிறது. ஹிலரியைக் கவிழ்த்து அடிப்பாகத்து எழுத்தைத் தடவிப் பாருங்கள், பளபளப்புப் பூச்சின் வழவழப்பைக் கை அறியட்டும், எடையைத் தூக்கிப் பாருங்கள். பிறகு வாங்கப்போவதைக் கையிலெடுத்தால் வித்தியாசம் தானாகத் தெரியும். அடியில் வங்கியின் சின்னம் பதித்த ரப்பர் அடைப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் கறுப்பு அடைப்பான் பிற்பாடு போட்டதாக இருக்கலாம். அதற்காகப் பொம்மையே போலி என்று தள்ள வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். நகத்தால் மெல்லத் தட்டும்போது கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் செத்திருந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம்.

பூச்சுக்குள் வலை போல ஓடும் நுண்கோடுகளைக் கண்டு பயப்படாதீர்கள். மண்ணும் பூச்சும் ஒரே அளவாக விரிந்து சுருங்காததால் வருவது அது. வயதான மண்பாண்டத்தில் சாதாரணம்.

உட்டியை மாற்றாதீர்கள் தங்கச்சி. இதில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். அந்தக் காது உங்கள் வீட்டில் உடைந்தது. வேறொரு பிள்ளையின் முழுக்காது உட்டியை அங்கே வைத்தால் செட் அழகாக இருக்கும், உங்கள் வீட்டுடையதாக இருக்காது. பெயின்ட் பூசவும் வேண்டாம். சில வருடத்தில் பழுத்துத் தனியாகத் தெரியும். உடைந்த துண்டு இருந்தால் மட்டும் ஒட்டலாம், அதுவும் பின்னால் கழற்றக்கூடிய பசையால்.

கழுவும்போது தொட்டித் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். உடைந்த காதில் மண் வெளியே தெரிகிறது, அந்த வழியாக நீரைக் குடிக்கும். ஈரத்துணியே போதும். அடைப்பான் இறுகியிருந்தால் கத்தியால் நெம்பாமல், வெதுவெதுப்பான துணியைச் சற்று வைத்துவிட்டு மெல்லத் திருகுங்கள்.

புது நத்தானியேல் வந்ததும் அவர் வயிற்றுக்குள் ஒரு துண்டுக் கடுதாசி போடுங்கள்: எந்த வருடம், எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று. பாஸ் புத்தகத்தின் அந்த 1987-ம் பக்கத்தை நகலெடுத்து ஹிலரிக்குள் வையுங்கள். அப்பாவிடம் கேட்டு, சித்தப்பா வந்து இறங்கிய தேதியையும் அதில் எழுதிவிடுங்கள்.