மூட்டு அழற்சிக்கு விற்றமின் வில்லைகள் வாங்க வேண்டுமா?

அட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அவருடைய தாயாருக்கு இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் வெகுநேரம் விரல்களை மடக்க முடியாமல் இருக்கிறது. கிளினிக்கில் இதை ருமற்றொயிட் மூட்டுவாதம் என்று கண்டறிந்து மெதொட்ரெக்சேட் குளிசை கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் லயத்துக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், அழற்சியின்போது ஏற்படும் ஒட்சியேற்றம் (ஒட்சிசன் ஏறுவதால் நிகழும் இரசாயன மாற்றம்), கலங்களுக்குச் செய்தி கொண்டு செல்லும் உடலின் சமிக்ஞைப் பெப்தைட்டுகளைச் சிதைப்பதால்தான் வீக்கம் அடங்குவதில்லை என்று விளக்கி, விற்றமின் சீயும் ஈயும் அதிக அளவில் சேர்ந்த அன்டிஒக்சிடன்ட் (ஒட்சியேற்றத்தைத் தடுக்கும்) வில்லைகளை வாங்கச் சொல்லியிருக்கிறார். அவற்றை வாங்கலாமா, வாங்கினால் கிளினிக் குளிசையைக் குறைக்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்லைகளை வாங்க வேண்டாம். கிளினிக் குளிசையை எக்காரணம் கொண்டும் நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். ஒட்சியேற்றம் பெப்தைட்டுகளை மாற்றுகிறது என்று விற்பனையாளர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் எப்போதும் கேடுதான் என்பது உண்மையன்று. அழற்சி அடங்குவதற்கு உடல் கையாளும் வழிகளில் அதுவும் ஒன்று.

பெப்தைட்டு என்பது சில அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சிறு துண்டு. பக்டீரியாக்களிலிருந்தும், சேதமடைந்த நமது கலங்களின் இழைமணிகளிலிருந்தும் வெளிப்படும் ஒருவகைப் பெப்தைட்டுகளின் தலைப்பில் போமைல் மெதியோனின் என்ற அலகு இருக்கும். ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும் இவ்வகைப் பெப்தைட்டில் அமினோ அமிலங்கள் மூன்றே மூன்றுதான்: மெதியோனின், லியூசின், பினைல்அலனின். நியூட்ரோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் இதனை உணர்ந்து, செறிவு கூடிய திசையை நோக்கி நகர்ந்து, அழற்சி உள்ள இடத்தில் வந்து குவிகின்றன. குவிந்தபின் அவை ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்குகின்றன. மயலோபெரொக்சிடேஸ் என்ற நொதியம் அதனைக் குளோரைட்டுடன் தாக்கமுறச் செய்து ஐப்போகுளோரசு அமிலமாக மாற்றுகிறது. துணி வெளுக்கும் குளோரீன் திரவத்தில் வேலை செய்வதும் இதே அமிலந்தான். மெதியோனினில் உள்ள கந்தக அணுவை இது மிக விரைவாகத் தாக்கி, அதில் ஓர் ஒட்சிசன் அணுவை ஏற்றிவிடுகிறது. பெப்தைட்டின் திணிவில் கூடுவது வெறும் 16 அணுத்திணிவு அலகுதான் என்றாலும், அதன் பிறகு அது நியூட்ரோபிலின் வாங்கியில் (செய்தியை ஏற்கும் புரதத்தில்) முன்போல் பொருந்துவதில்லை. அழைப்பு அத்துடன் வலுவிழக்கிறது.

74 அமினோ அமிலங்கள் கொண்ட சீ5ஏ என்ற அழற்சிப் பெப்தைட்டுக்கும் இதுவே நேர்கிறது. அதன் கடைசி முனையிலிருந்து ஐந்தாவது இடத்தில் ஒரு மெதியோனின் இருக்கிறது; அது ஒட்சியேறினால் கலங்களை ஈர்க்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. ஆகவே, அழைக்கப்பட்டு வந்த கலமே தன்னை அழைத்த செய்தியை அழித்து, மேலும் கலங்கள் வந்து குவிவதைத் தடுக்கிறது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இது வெறும் சோதனைக் குழாய்க் கதை அன்று. பிறவியிலேயே இந்த ஒட்சியேற்றிகளை (ஐதரசன் பேரொட்சைட்டு, ஐப்போகுளோரசு அமிலம் போன்றவற்றை) உண்டாக்க இயலாத நோயாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொற்றுகள் அடிக்கடி வருவதோடு, கிருமி எதுவும் இல்லாத இடங்களிலும் அழற்சி மிகையாகி, குடலிலும் நுரையீரலிலும் கட்டிகள் திரள்கின்றன. 2003இல் வெளியான எலி ஆய்வொன்று உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது: ஒட்சியேற்றிகளை உண்டாக்கும் தொகுதியின் ஒரு மரபணு சரியாக இயங்காத எலிகளுக்கு மூட்டழற்சி கடுமையாக வந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு, பெப்தைட்டுகள் அழிவது அவற்றில் ஒன்று மாத்திரமே. ஆனாலும் ஒட்சியேற்றத்தை முழுவதும் அடக்கினால் மூட்டு ஆறிவிடும் என்ற வாதம் இந்த ஓர் ஆய்விலேயே நிலைகுலைந்து போகிறது.

விற்பனையாளர் பக்கத்தில் உள்ள உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1975இல் கண்டறியப்பட்ட மெதியோனின் என்கெபலின், ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்டது, வலியைத் தணிப்பது. அதன் இறுதி அலகு மெதியோனின்; ஆகவே நன்மை தரும் இந்தப் பெப்தைட்டையும் ஒட்சியேற்றம் தாக்கலாம். வலிச் செய்தியைக் கடத்தி வீக்கத்தைக் கூட்டும் சப்ஸ்டன்ஸ் பீ என்ற 11 அலகுப் பெப்தைட்டும் மெதியோனினில்தான் முடிகிறது. ஒட்சியேற்றிகளுக்கு இவ்விரண்டும் ஒன்றே. விழுங்கிய வில்லையாலும் ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிட முடியாது. வலியைத் தூண்டும் பிரடிகைனினில் மெதியோனின் இல்லாததால், அதை அகற்றும் வேலையைப் பெரும்பாலும் நொதியங்களே செய்கின்றன.

இனி வில்லையின் அளவைப் பார்ப்போம். விற்றமின் சீயை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டால், குருதியில் அதன் செறிவு அதற்கேற்ப உயர்வதில்லை. மிகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. அந்த 200 மில்லிகிராம், நன்கு பழுத்த நடுத்தரக் கொய்யாப்பழம் ஒன்றிலேயே ஏறத்தாழக் கிடைத்துவிடும். அதிக அளவில் நீண்டகாலம் குடித்தால் சிறுநீரகக் கல் உண்டாகும் அபாயமும் கூடுகிறது. விற்றமின் ஈ விடயத்தில் எச்சரிக்கை இன்னும் தேவை: ஆண்கள் சுமார் 35,000 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதனைத் தனியாகக் குடித்தவர்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. அது மூட்டுவாத ஆய்வு அன்று, உங்கள் தாயாருக்கு அந்தப் புற்றுநோய் வரவும் வழியில்லை. ஆயினும் விற்றமின்தானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்ற எண்ணம் தவறு என்பதற்கு அதுவே போதிய சான்று. அஸ்பிரின் அல்லது குருதி உறைதலைத் தடுக்கும் வோபரின் குடிப்பவர்களுக்கு மிகையான விற்றமின் ஈ குருதிப்பெருக்கு அபாயத்தையும் கூட்டும்.

மெதொட்ரெக்சேட் பற்றி இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு அது வாரத்தில் ஒரு நாள் மட்டுமே குடிக்க வேண்டிய மருந்து. தவறுதலாக நாள்தோறும் குடித்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எந்த நாள் என்பதைக் கிளினிக் கொப்பியின் அட்டையிலும் குளிசை உறையிலும் தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். உடன் தரப்படும் போலிக் அமிலத்தை வைத்தியர் குறித்த நாளில் தவறாமல் கொடுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குருதிக் கலங்களின் எண்ணிக்கைக்கும் ஈரலுக்குமான பரிசோதனைகளையும் தவறவிடக் கூடாது.

ஒட்சியேற்றிகளைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மனம் விரும்பினால், அதற்குரிய இடம் புகைதான். புகைத்தல் இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, மருந்தின் பயனையும் குறைக்கிறது. ஆகவே வீட்டுக்குள் யாரும் சிகரெட்டோ பீடியோ பற்ற வைக்கக் கூடாது. லயத்து அடுப்படியில் விறகுப் புகை தேங்கினால் புகைபோக்கி அமைப்பதற்கோ, அதற்கு வசதியில்லையாயின் காற்றோட்டத்துக்கு வழி திறப்பதற்கோ, வில்லைக்கு ஒதுக்கிய பணத்தைச் செலவிடுங்கள். தாயாரின் சுவாசத்துக்கு அது உறுதியாக நன்மை தரும்.

காலையில் எழுந்ததிலிருந்து விரல்கள் இலகுவாக மடங்கும்வரை எவ்வளவு நேரமாகிறது என்பதை நாள்தோறும் ஒரு தாளில் குறித்து, அழற்சியின் அளவைக் காட்டும் சீ.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். குருதிப் பரிசோதனை முடிவுகளுடன் அடுத்த கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். குளிசையின் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பதை வைத்தியர் அவற்றைப் பார்த்துத் தீர்மானிப்பார்.