கால்பந்தும் ஆங்கிலமும்: வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கால்பந்தாட்டத்தின் ஆங்கிலம் குறித்து அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் தாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதுவதற்குத் திணறுகிறார்கள். கோல், பெனால்டி, கார்னர், ஃபவுல் எல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்தாம். பிறகு ஏன் வாக்கியம் அமைவதில்லை?
– ஆசிரியை, பாலக்கோடு

பதில்: அவர்களுக்குத் தெரிந்தவை பெயர்ச்சொற்கள் மட்டுமே என்பதுதான் காரணம். நம் ஆடுகளங்களில் ‘கோல் போட்டான்’, ‘கார்னர் அடித்தான்’, ‘ஃபவுல் பண்ணினான்’ என்றே பேசுகிறோம். பெயரை ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வினையைத் தமிழிலேயே வைத்துக்கொண்டோம். தமிழுக்கு அதனால் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுத உட்காரும் பிள்ளை, கையில் இருக்கும் தமிழ் வினையை அப்படியே பெயர்த்து ‘புட் எ கோல்’ என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் கோலுக்கு உரிய வினை ‘ஸ்கோர்’. கார்னர், பெனால்டி, ஃப்ரீ கிக், த்ரோ-இன் ஆகிய நான்குக்கும், காலால் உதைத்தாலும் கையால் எறிந்தாலும், ‘டேக்’ என்ற ஒரே வினை போதும். நடுவர் பெனால்டி வழங்குவது ‘கிவ்’ அல்லது ‘அவார்டு’. ஆட்டக்காரர் ஃபவுல் செய்வது ‘கமிட்’. கோல் கீப்பர் பந்தைத் தடுப்பது ‘சேவ்’.

இவற்றுள் ஒன்றை மட்டும் மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். எதிரணி நமக்கு எதிராக இரண்டு கோல் அடித்தால் ‘ரெண்டு கோல் வாங்கிட்டோம்’ என்கிறோம். அதை ‘வீ காட் டூ கோல்ஸ்’ என்று எழுதினால், படிப்பவர் நாம்தான் இரண்டு கோல் அடித்தோம் என்று புரிந்துகொள்வார். பொருள் நேர் எதிராகிவிடும். அங்கே வர வேண்டிய சொல் ‘கன்சீட்’. ஆகையால் பெயர்ச்சொற்களை மட்டும் வரிசையாக அடுக்கிய பட்டியல்களை மனப்பாடம் செய்யச் சொல்வதில் பயனில்லை என்றே கருதுகிறேன். ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய வினையோடு சேர்த்து எழுத வைத்து, ஆட்டம் முடிந்த அன்றே நடந்ததை நான்கு வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்ல வைத்தால், சொற்கள் ஆட்டத்தோடு சேர்ந்து மனத்தில் தங்கும்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலை அணி வென்ற செய்தியை அலுவலகக் குழுவில் ‘வீ வன் தெம்’ என்று எழுதினேன். மேலாளர் அது பிழை என்றார். என்ன பிழை?
– வாசகர், ஓசூர்

பதில்: தமிழில் போட்டியையும் வெல்லலாம், எதிராளியையும் வெல்லலாம், இரண்டுக்கும் ஒரே வினைதான். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ‘வின்’ என்பது போட்டிக்கும் கோப்பைக்கும் உரியது. எதிரணியைச் சொல்லும்போது ‘பீட்’ வர வேண்டும். ‘வீ வன் தி மேட்ச்’ சரி, ‘வீ பீட் தெம்’ சரி. ‘பீட்’ இறந்த காலத்திலும் ‘பீட்’ என்றே நிற்கும். தோல்வியைச் சொல்லும்போது, ‘அவர்களிடம் தோற்றோம்’ என்பதிலுள்ள ‘இடம்’ என்ற உருபின் இடத்தில் ‘டு’ வரும்: ‘வீ லாஸ்ட் டு தெம்’. சமன் என்றால் ‘வீ ட்ரூ வித் தெம்’.

கேள்வி: தொலைக்காட்சி வருணனையில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றி ‘சென்ட் ஆஃப்’ என்றார்கள். ஓய்வு பெறுகிறார் என்று நினைத்தேன். சில வாரங்களில் அவர் மீண்டும் ஆடினார். விளக்குங்கள்.
– கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பிரிவு உபசார விழாவை ‘சென்ட் ஆஃப்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கால்பந்தில் அது நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றுவதைக் குறிக்கும். வெளியேற்றப்பட்டவருக்கு மாற்றாள் கிடையாது. அந்த அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட்டத்தைத் தொடர வேண்டும். மஞ்சள் அட்டை பெற்றவரை ‘புக்டு’ என்பார்கள். நடுவர் தம் குறிப்பேட்டில் பெயரை எழுதிக்கொள்வதிலிருந்து வந்த வழக்கு இது. அட்டைகள் பின்னால் வந்தவை.

அட்டைகள் வந்த வரலாறு மொழி கற்போர் அறிய வேண்டியது. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில், லண்டன் வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடியபோது, ஜெர்மானிய நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், அர்ஜென்டினா அணித்தலைவர் அன்டோனியோ ரட்டீனை வெளியேறச் சொன்னார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ரட்டீன் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு நின்றுவிட, ஆட்டம் பல நிமிடங்கள் தடைபட்டது. அந்தப் போட்டித் தொடரில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கிலேயர் கென் ஆஸ்டன், சாலைச் சந்திப்பின் விளக்குகளைக் கண்டு, மஞ்சள், சிவப்பு அட்டைகள் என்ற யோசனையை முன்வைத்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. எந்த மொழிக்காரருக்கும் சொல் இல்லாமலே தீர்ப்புப் புரிய வேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. அதைக் கண்டவரைப் போற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ‘இஞ்சுரி டைம்’, ‘எக்ஸ்ட்ரா டைம்’ இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: இல்லை. 45 நிமிடங்கள் கொண்ட ஒவ்வொரு பாதியின் முடிவிலும், காயம், ஆள் மாற்றம் முதலியவற்றால் வீணான நேரத்துக்கு ஈடாக நடுவர் சேர்ப்பது ‘இஞ்சுரி டைம்’. இன்று ‘ஆடட் டைம்’, ‘ஸ்டாப்பேஜ் டைம்’ என்றும் வழங்குகிறது. ‘எக்ஸ்ட்ரா டைம்’ என்பது, வென்றவர் யார் என்று தெரிந்தே ஆக வேண்டிய ஆட்டம் சமனில் நிற்கும்போது தனியாக ஆடப்படும் 15 நிமிடப் பாதிகள் இரண்டு. 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரின் லுசைல் அரங்கில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். உரிய நேரம் முடிந்தபோது அர்ஜென்டினாவும் பிரான்சும் 2–2. எக்ஸ்ட்ரா டைம் முடிந்தபோது 3–3. பிறகு இரு அணியினரும் மாறி மாறிப் பெனால்டி உதைக்கும் ‘பெனால்டி ஷூட்-அவுட்’டில் அர்ஜென்டினா 4–2 என வென்றது. ஷூட்-அவுட் கோல்கள் ஆட்டக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே 7–5 என்று கூட்டி எழுதாமல், ‘வன் ஃபோர்–டூ ஆன் பெனால்டீஸ்’ என்று தனியாக எழுத வேண்டும்.

கேள்வி: 2–0 என்பதை எப்படிப் படிப்பது?
– மாணவி, அரூர்

பதில்: ‘டூ–நில்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கால்பந்துக்கு ‘ஸீரோ’ என்று படிப்பது வழக்கமில்லை. 2–2 என்றால் ‘டூ–ஆல்’.