கத்தரிக்கு வசதியான ஆட்டம்

கேள்வி: 1940-களில் வந்த ஹாலிவுட் கதம்பக் காமெடிப் படங்கள் எத்தனையோ. அவற்றில் கறுப்பினக் கலைஞர்கள் வந்து ஆடிப் பாடி அசத்துகிறார்கள். அப்புறமும் ‘அவர்களுக்கு இடம் தரவில்லை’ என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது நியாயமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஆட இடம் கொடுத்தார்கள். அதை யார் மறுத்தது? கதையில் இடம் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

1941-ல் யுனிவர்சல் வெளியிட்ட ‘ஹெல்ஸாபாப்பின்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். ஓல்சன், ஜான்சன் இரட்டையர் மேடையில் அடித்த லூட்டியைப் படமாக்கியிருந்தார்கள். பணக்கார வீடு ஒன்றில் கலைநிகழ்ச்சி நடக்கப்போகிறது. அதற்காக வைத்திருக்கும் வாத்தியங்களை அந்த வீட்டின் கறுப்பின வேலையாட்கள் எடுத்து வாசிக்கிறார்கள். ஸ்லிம் கெய்லார்டும் ஸ்லாம் ஸ்டீவர்ட்டும் ஆரம்பித்து வைக்க, சமையல்காரர், வேலைக்காரப் பெண் உடைகளில் ஒரு கூட்டம் புகுந்து லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் ஆடுகிறது. ஃபிராங்கி மேனிங் அமைத்த ஆட்டம். ஆளை ஆள் தூக்கி எறிந்து பிடிக்கும் அந்த வேகத்தைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். படத்தில் இன்றைக்கும் ஜனங்கள் தேடிப் பார்ப்பது அந்தச் சில நிமிடங்களைத்தான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் கதை அவர்களை மறந்துவிடுகிறது. காட்சியை அப்படியே உருவிவிட்டாலும் கதையில் ஒரு நூல் கூடப் பிரியாது.

இது தற்செயல் இல்லை. நிறவெறி மிகுந்த அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்களில், கறுப்பினக் கலைஞர்கள் வரும் காட்சிகளை வெட்டிவிடக் கத்தரி தயாராக இருந்தது. 1942-ல் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் ஒப்பந்தமான கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் படத்துக்குப் படம் தனியாக வந்தார், ஒரு பாட்டுப் பாடினார், போய்விட்டார். வெட்டுவதற்குத் தோதாகவே பல காட்சிகளை எடுத்தார்கள். 1943-ல் வந்த ‘ஸ்டார்மி வெதர்’ போன்ற படங்களில் அவருக்குக் கதாநாயகி வேடமே கிடைத்தது உண்மை. ஆனால் அவை முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை வைத்து எடுத்த படங்கள். தனிப் பந்தி போட்டு விருந்து வைத்த கதை.

கதைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1945-ல் வந்த ‘ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ காமெடியில் கறுப்பின நடிகர் எடி ‘ராச்செஸ்டர்’ ஆண்டர்சனுக்கு வேலைக்காரர் வேடம்தான். புரட்சியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் படம் நெடுக வருகிறார், வெள்ளைக்காரர்களோடு சகஜமாகப் பழகுகிறார். அதே தென் மாநிலப் பக்கத்து மெம்பிஸ் நகரத் தணிக்கைக் குழுவின் தலைவர் லாயிட் பின்ஃபோர்டுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு காட்சியை வெட்டித் தீர்க்கிற விஷயமா அது? படத்தையே தடை செய்துவிட்டார்கள்.

‘இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு’ என்கிறீர்கள். சரி, அன்றைக்கு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டா இருந்தார்கள்? கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் வால்டர் வைட், 1942-லேயே ஹாலிவுட்டுக்குப் போய் ஸ்டுடியோ முதலாளிகளோடு பேசினார். வேலைக்காரர், கோமாளி தவிர வேறு வேடங்களும் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

ஆட்டத்தைத் தாராளமாக ரசியுங்கள். நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அடுத்த முறை பார்க்கும்போது, வாத்தியம் நின்ற பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள் என்று மட்டும் கொஞ்சம் கவனித்து எழுதுங்களேன்.