கார் சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று சொல்லுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கத்திரி வெயில் வந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இன்ஜின் சூட்டைப் பற்றியவைதான். "கார் ஹீட் ஆகிறது, எதை மாற்ற வேண்டும்?" என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். எதை மாற்றுவது என்று சொல்வதற்கு முன்னால், எப்போது ஹீட் ஆகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். நிற்கும்போதா, ஓடும்போதா, மலை ஏறும்போதா, ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடத்திலேயா? அதைக் கவனித்து எழுதியவர்களின் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பத்து வருடமான பெட்ரோல் கார். ஓ.எம்.ஆர். சிக்னல்களில் ஊர்ந்து போனால் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறுகிறது. ஈ.சி.ஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி.யும் குளிர்வதில்லை. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (சென்னை வாசகர்)

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. 80-ல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. அதற்கும் அதே காற்றுதான். இரண்டும் சேர்ந்து சிக்னலில் மட்டும் மக்கர் செய்கின்றன என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஏ.சி.யைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லையா, முதலில் ஃபியூஸ், அடுத்து ஃபேனுக்குக் கரன்டை இணைத்துவிடும் சுவிட்சான ரிலே. அதே எண் போட்ட வேறு ரிலே ஃபியூஸ் பெட்டிக்குள் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக கரன்ட் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்பதை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். மோட்டாரின் பிரஷ் தேய்ந்தால் சுற்றும், ஆனால் சோம்பலாகச் சுற்றும். ஒரு செய்தித்தாளின் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். நல்ல ஃபேன் அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். தாள் உங்கள் பக்கம் தள்ளப்பட்டால், முன்பு யாரோ வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இதை நானே இரண்டு கார்களில் பார்த்திருக்கிறேன். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்திருக்கும் தூசியையும் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் அது கண்ணில் படாது. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ரேடியேட்டரைப் பற்றிப் பேசலாம். விரலை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூடான இன்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் அது திடீரென்று சுற்றும்.

கேள்வி: சமவெளியில் ஒரு தொந்தரவும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினால் பர்லியார் தாண்டும்போது ஊசி சிவப்பைத் தொடுகிறது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறைந்தால் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். (திருப்பூர் வாசகர்)

அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. அதன் குழாய்களின் உள்வழி ஓரிரு மில்லிமீட்டர்தான். பாதிக் குழாய் அடைபட்டாலும் சமவெளியில் மீதிப் பாதி சமாளித்துவிடும். மலையில் அப்படி இல்லை. இன்ஜின் முழு பாரத்தில் உழைக்கிறது, வண்டியோ இரண்டாவது கியரில் மெதுவாக ஏறுகிறது, எதிர்க்காற்றும் குறைவு. ரேடியேட்டரின் முழு பலமும் அங்கேதான் தேவைப்படும்.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை நிறுத்தி, தொடாமல் வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுக்க நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் சூடாக இருக்க நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். ஆரம்ப நிலை என்றால் ஃபிளஷ் செய்தால், அதாவது உள்ளே கழுவி எடுத்தால் போதும், முற்றிவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். வாட்டர் பம்ப்பையும் அதே நேரத்தில் பாருங்கள்; உள்ளே இருக்கும் இறக்கைகள் அரித்துப்போனால் வெளியே ஒரு சொட்டு கசியாமலே ஓட்டம் குறைந்துவிடும். இனிமேல் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்தான். சரிசெய்யும் வரை குடும்பத்தோடு மலை ஏற வேண்டாம்.

கேள்வி: வாரம் அரை லிட்டர் கூலன்ட் காணாமல் போகிறது. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாசனை. போன மாதம் ஒருமுறை சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியே வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன். (மதுரை வாசகர்)

ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு அது. ஆனால் ஹெட்டைக் கழற்றும் முன் மலிவான சோதனைகள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். முதலில் ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் கூலன்ட் ஆவியாகப் போய்விடும். அடுத்து, ஹீட்டர் உள்ள கார் என்றால் முன்சீட்டுக் காலடியில் கார்பெட் ஈரமா என்று பாருங்கள். ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், கசிந்தாலும் தரையில் ஒரு சொட்டும் விழாது, இனிப்பு வாசனையும் வரும்.

அப்புறம் கேஸ்கெட். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கூலன்டில் நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு உள்ளே நுழைகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம்தான். பட்டறையில் ஒரு நீலத் திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். கூலன்டுக்கு மேலே நிற்கும் காற்றை அதன் வழியே இழுக்கும்போது நீலம் மஞ்சளானால் சந்தேகமே வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவியது போல இருந்தால், அந்த சிலிண்டரில்தான் தண்ணீர் இறங்குகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் நுரை இருந்தால் பயந்துவிடாதீர்கள், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் குளிர்காலத்தில் அது சாதாரணம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் ஆபத்து. அப்போது இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

விளக்கு எரிந்த பிறகு ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒரு காரும் அப்படித்தான். அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தார்கள். கழற்றிய ஹெட்டைத் துடைத்து, மேசையில் கவிழ்த்து, மேலே இரும்பு நேர்க்கோலை வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே, நேர்க்கோலுக்கு அடியில், டியூப் லைட் வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. வண்டிக்காரர் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். இன்றைய ஹெட்கள் அலுமினியம். சூட்டில் அது வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், போல்ட்டுகள் விடாது, வளையத்தான் செய்யும். உங்கள் காரிலும் ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாமல், லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, தேவையானால் ஃபேசிங் செய்து (பரப்பைச் சீவிச் சமமாக்கி), பிரஷர் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள். கசிவை அடைக்கும் பொடி எதையும் ஊற்றவிடாதீர்கள். அது ரேடியேட்டரையும் ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைத்துவிடும்.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லை என்று கழற்றிவிட்டார் மெக்கானிக். சரியா? (சேலம் வாசகர்)

தவறு. இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர அதிக நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும். பழையதைக் கையில் கொடுத்திருந்தால் கொதிக்கும் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். வாய் திறக்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பச்சை கூலன்டில் சிவப்பைக் கலக்கலாமா?

வேண்டாம். நிறம் என்பது கம்பெனி போடும் சாயம்தான், அதை வைத்து வகையைச் சொல்ல முடியாது. கார் கையேட்டில் எந்த வகை என்று இருக்கும், அதையே வாங்குங்கள். இன்னொன்று: வடித்த பழைய கூலன்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

கேள்வி: ஏறிக்கொண்டிருந்த ஊசி திடீரென்று அடியோடு இறங்கிவிட்டது. தானாகச் சரியானதா?

இல்லை, உடனே நிறுத்துங்கள். சென்சாரைச் சுற்றி கூலன்டே இல்லாமல் போனால் வெறும் ஆவியில் அது தவறான அளவு காட்டும். சென்சாரோ வயரோ கெட்டிருக்கவும் வழி உண்டு. ஆனால் அதை நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வழியில் சூடானால் முதலில் என்ன செய்வது? என் தம்பி மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டான். (கரூர் வாசகர்)

தம்பிக்கு இப்போது ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். ஊசி ஏறத் தொடங்கும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரங்கட்டப் பாருங்கள். சிவப்பு விளக்கோ ஆவியோ வந்துவிட்டால் அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். மூடியின் ஸ்பிரிங் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும். முக்கால் மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸைப் பிடித்தால் சுடாமல், மெதுவாக அமுங்க வேண்டும். அதற்கு அப்புறம் தடித்த துணியைப் போட்டு, கால் சுற்று திருகி, சீற்றம் அடங்கிய பிறகு முழுதும் திறக்கலாம். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது, வெடிப்பு விடும்.

கை சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ முகத்தில் பட்டாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், காரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.