விடியற்காலை ஐந்து மணிக்கு யார் கதவைத் திறப்பது?

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. ஊர் கோவில்பட்டி பக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் வேலை. மத்தியானம் ஒன்றரைக்குப் போனால் ராத்திரி பத்தரைக்கு முடியும். கேப் வீட்டில் இறக்கிவிடும்போது பதினொன்றரை. துரைப்பாக்கத்தில் இரண்டு தோழிகளோடு டபுள் பெட்ரூம் வீடு எடுத்திருக்கிறேன். எனக்கென்று இருப்பது சனியும் ஞாயிறும்தான். இப்போது அதுவும் இல்லை. போன மாதம் நான்கு வாரமும் ஊரிலிருந்து ஆள். சித்திக்குக் கண் ஆஸ்பத்திரி, மாமா பையனுக்குப் பரீட்சை, அத்தை மகளுக்குத் திங்கட்கிழமை வீசா இண்டர்வியூ, பெரியப்பா குடும்பத்துக்குச் சும்மா மெரினா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிட்டு, சனிக்கிழமை விடியும் முன் போன் அடிக்கிறார்கள். வந்ததும் வராததுமாக "இண்டியன் டாய்லெட் இல்லையா" என்று கேள்வி. சித்தி பாத்ரூமுக்குள் போனால் ஒரு மணி நேரம். லாரித் தண்ணீர் தீர்கிறது என்று ரூம்மேட்ஸ் முகத்தைத் தூக்குகிறார்கள். அவர்கள் முன்னால் மானம் போகிறது. எல்லோருக்கும் சமைத்துப் போட்டு, ஊர் சுற்றிக் காட்டி, ஞாயிறு ராத்திரி பஸ் ஏற்றிவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடுகிறது. அம்மாவிடம் சொன்னால், "சொந்தக்காரங்க கிட்ட முகம் சுளிக்காதே" என்கிறாள். நான் சுயநலக்காரியா? எப்படி மறுப்பது? தனியாக இருக்கும் பெண்கள் படிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

ம., துரைப்பாக்கம்

அன்புள்ள ம.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்து கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். மணி நாலரை இருக்கும். பெண்கள் பலர் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பேசவில்லை. நம்பரை எடுப்பதும், மணியைப் பார்ப்பதும், மறுபடி மடியில் வைப்பதுமாக இருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் எழுப்பினால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். ஒரு அம்மா என்னிடம், "அஞ்சு மணி ஆனா அடிக்கலாம்ல?" என்று கேட்டார். உன் தூக்கத்தைக் கெடுத்த போன் அங்கே இருந்துதான் வருகிறது. அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நீ சுயநலக்காரி இல்லை. சுயநலக்காரிகள் நாலு வாரம் சமைத்துப் போட்டுவிட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை, முதலில் தூங்கு. ரூம்மேட்ஸ் தண்ணீரைப் பற்றிப் பேசுவது நியாயம்தான். 2019 ஜூனில் ஓஎம்ஆர் கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் அந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. ஆள் வரும் வாரத்தில் தண்ணீர்க் காசு கூடுதலாக ஒரு பங்கு நீ போடு, பேச்சு அடங்கும். சித்தியிடம் "ரெண்டு வாளிதான் சித்தி" என்று சொல்லிவிடு. கரிசல் காட்டில் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர்ச் சிக்கனத்தை நீ கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி திட்டு. "வந்ததும் வராததுமாக இண்டியன் டாய்லெட் இல்லையா என்று கேள்வி" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த பெண்மணி வேறு எதைக் கேட்பாள்? பஸ் எங்கோ இருட்டில் ஒரு ஓட்டல் வாசலில் பத்து நிமிடம் நிற்கும். அங்கே உள்ள கழிப்பறைக்குப் போகப் பயந்து, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாதா? நீயும் அப்படித்தானே ஊருக்குப் போய் வருகிறாய்? அறுபது வயதுவரை குத்தவைத்துப் பழகிய கால்கள், உங்கள் அபார்ட்மெண்டுக்காக ஒரு ராத்திரியில் மாறிவிடுமா? வீட்டுக்கு ஒரு கழிப்பறையாவது தரையோடு இருக்கட்டும் என்று கட்டியவனுக்குத் தோன்றவில்லை. அவன் மேல் வரவேண்டிய கோபம் உனக்குச் சித்தி மேல் வருகிறது. மானம் போகிறதாம். உன் சித்தி கழிப்பறை கேட்டதில் போகிற மானம் என்ன மானம்?

சரி. இது ஏன் எனக்கு இப்படிச் சுடுகிறது என்று சொல்கிறேன்.

நான் சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் எழும்பூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். பார்வையாளர் நேரம் ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஆறு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வராந்தா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு. பெயர், உறவு, வந்த நேரம், போன நேரம். ஆண்கள் என்றால் அப்பாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பியும் மட்டும். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே. பெண்களும் வராந்தாவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. உனக்கு இது ஜெயில் மாதிரித் தெரியும். எனக்கு அதில் ஒரு வசதி இருந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் "ஹாஸ்டல்ல விட மாட்டாங்க" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். நீ இப்போது என்னிடம் கேட்கிற அந்த மறுப்பை என் சார்பில் வார்டன் சொல்லிவிடுவார். என் ஞாயிற்றுக்கிழமைகளை நான் நன்றாகத் தூங்கிக் கழித்தேன், துணி துவைத்தேன், கன்னிமாரா நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

2009-ல் அத்தை தன் மகளை எஞ்சினியரிங் கவுன்சலிங்குக்குக் கூட்டி வந்தாள். அப்போதெல்லாம் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வரவேண்டும். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் சரி. ஜூன், ஜூலையில் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்குகிற ஒவ்வொரு தென்மாவட்ட ரயிலிலும் சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பிள்ளைகளும், பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு அப்பா அம்மாவும் வருவார்கள். அத்தைக்குச் சென்னையில் தெரிந்த ஒரே ஆள் நான். விடிகாலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கி, வழி கேட்டு, நடந்தே விடுதி வாசலுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ரயிலிலேயே மாதவிலக்கு ஆகியிருந்தது. பாவாடையில் பட்டிருக்கிறது. காலையிலேயே கவுன்சலிங். நான் வார்டனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவரும் ஒரு பெண்தான். "பத்து நிமிஷம் மேடம், பாத்ரூம் மட்டும்" என்றேன். "இன்னைக்கு ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். விதி சரியாகத்தான் இருந்தது.

ஸ்டேஷனுக்கே திரும்பிப் போனோம். பெண்கள் காத்திருப்பு அறையில் வரிசை. எல்லாம் இவர்களைப் போலவே கவுன்சலிங்குக்கு வந்த கூட்டம். கடைசியில் ஒரு மூலையில் அத்தை தன் மாற்றுச் சேலையை விரித்துப் பிடித்துக்கொள்ள, நான் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க, அந்தப் பெண் உடை மாற்றினாள். மாநிலத்தின் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளில் ஒருத்தி. முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு சீட்டும் எடுத்துவிட்டாள். ஊருக்குப் போய் அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க அண்ணன் மக இருக்கிறது ரொம்பப் பத்திரமான இடம், ஈ காக்கா உள்ள போக முடியாது." பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பல வருடமாக நான் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான், என் சிநேகிதிகளுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். வெளியூரிலிருந்து வருகிறவளுக்கு நம் விருந்து வேண்டாம், வடை பாயசம் வேண்டாம். காலை ஐந்து மணிக்குத் திறக்கிற ஒரு கதவும், தாழ்ப்பாள் உள்ள ஒரு குளியலறையும் போதும். அதை இந்த ஊர் அவளுக்குத் தருவதில்லை. ஆண் எங்காவது லாட்ஜில் முகம் கழுவிக்கொள்வான், டீக்கடை பெஞ்சில் உட்காருவான். பெண் என்ன செய்வாள்? இப்போது ஸ்டேஷனில் காசு கொடுத்து உட்கார ஏசி அறை இருக்கிறது, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் அரசு நடத்தும் தோழி விடுதிகள் இருக்கின்றன. நல்லது. ஆனால் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் தடவை வருகிறவளுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? அவளுக்குத் தெரிந்தது உன் நம்பர் ஒன்றுதான்.

முன்பு இதைப் பொதுக் காரியமாக நினைத்தார்கள். ராமேசுவரம் போகிற பாதையில் தஞ்சை மராட்டிய அரசர்கள் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். மதுரை ஸ்டேஷன் எதிரே மங்கம்மாள் சத்திரம். இங்கே சென்ட்ரல் பக்கத்தில் ராமசாமி முதலியார் சத்திரம். வடசென்னையில் மணியக்காரர் சத்திரம் 1782 பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற கிழவிகளை நானே பார்த்திருக்கிறேன். பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சத்திரங்களில் பலவற்றில் எந்தச் சாதிக்கு எந்த வாசல் என்ற கணக்கும் இருந்தது. ஆனாலும், ஊர்விட்டு ஊர் வருகிறவனுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று அரசனுக்கும் பணக்காரனுக்கும் தோன்றியது. இப்போது ஆஸ்பத்திரி, பரீட்சை, வீசா எல்லாவற்றையும் ஒரே நகரத்தில் குவித்து வைத்துவிட்டு, ஒதுங்குகிற இடத்தை மட்டும் 26 வயதுப் பெண் வாடகைக்கு எடுத்த வீட்டின் தலையில் கட்டியிருக்கிறோம். அமெரிக்க வீசாவுக்கு அண்ணா மேம்பாலம் பக்கத்தில் இருக்கிற தூதரகத்துக்கு வந்துதான் ஆகவேண்டும் என்றால், உன் அத்தை மகள் வேறு எங்கே இறங்குவாள்?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2018-ல் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போனது. அதோடு ஜூன், ஜூலை விருந்தாளிகள் சென்னையிலிருந்து அப்படியே காணாமல் போனார்கள். பாசம் குறைந்துவிட்டதா? வரவேண்டிய வேலை இல்லை, அவ்வளவுதான். உன் சொந்தக்காரர்களும் அப்படியே. உன்னைக் கஷ்டப்படுத்தக் கிளம்பி வருவதில்லை, உன் மேல் உள்ள ஆசையில் மட்டும் வருவதும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் கோபமும் குறையும், குற்ற உணர்ச்சியும் குறையும்.

உன் கேள்வி எப்படி மறுப்பது என்பது. பாதியை மறு. கதவைத் திற, பாத்ரூமைக் காட்டு, ஒரு பாயை விரி. ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிக் கழிப்பறையில் போடு, காலை உயர்த்தி வைக்கச் சித்திக்குச் சௌகரியமாக இருக்கும். பிறகு உன் அறைக்குப் போய்த் தூங்கு. பத்து மணிவரை எழுந்திருக்காதே. அவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

சமையலை நிறுத்து. உன் மாமா பையன் பரீட்சை எழுத ஒரு ஆண்பிள்ளையின் ரூமுக்குப் போயிருந்தால் யார் சமைத்துப் போட்டிருப்பார்கள்? அங்கே பாயும் தலையணையும் கிடைத்தால் போதும் என்று படுத்திருப்பான், பரோட்டாவைத் தின்றுவிட்டு "மச்சான் நல்லா கவனிச்சான்" என்பான். பெண் இருக்கிற வீடு என்றதும் சோறு, குழம்பு, அப்பளம் எல்லாம் வேண்டியிருக்கிறது. அவனையே தெருமுனைக்கு அனுப்பி உனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வரச் சொல். இதை மட்டும் சிரித்துக்கொண்டே செய்யாதே, இதில் முகத்தைக் கொஞ்சம் சுளிக்கலாம்.

ஊர் சுற்றிக் காட்டும் உத்தியோகமும் வேண்டாம். எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்துக் கடிகாரச் சத்தம் கேட்க உன் துணை எதற்கு? பஸ் நம்பரைத் தாளில் எழுதிக் கொடு. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை, பெரியம்மாவுக்கு அதுவே ஒரு சந்தோஷம். மெரினாவில் அலையில் இறங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பு. சும்மா மெரினா பார்க்க வருகிற பெரியப்பாவுக்கு, "இந்த வாரம் வேண்டாம், தீபாவளி கழித்து வாங்க" என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்கும் வருகிறவர்களிடம் அதைச் சொல்லாதே.

கடிதத்தின் கீழே உன் அம்மாவின் நம்பரைக் கொடுத்து, நான் ஒரு வார்த்தை பேசினால் கேட்பாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இங்கே எடுத்துவிட்டேன். பேசவும் மாட்டேன். எனக்கு ஒரு வார்டன் கிடைத்தாள் என்பதற்காக உனக்கு நான் வார்டனாக முடியாது. "வர்றவங்களுக்குக் கதவைத் திறப்பேன், ஆனா சமைக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் நீயே சொல். இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். மூன்றாம் நாள் அடுத்த சனிக்கிழமை யார் வருகிறார்கள் என்று சொல்ல அவளே போன் செய்வாள்.