2021-இல் ஒரு டியூஐ, இப்போது கிளியரன்ஸ் விண்ணப்பம்

2021-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டி (அதுதான் டியூஐ) மாட்டியதை, கோர்ட்டில் ரெக்கார்டை அழித்துவிட்டதால், அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதிக்கு (செக்யூரிட்டி கிளியரன்ஸ்) நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில் எழுதாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். 22-ஆம் பிரிவு, மது சம்பந்தமாக உங்கள் மேல் எப்போதாவது வழக்கு பதிவானதா என்றே கேட்கிறது. வேறு சில கேள்விகளுக்கு உள்ள 'கடந்த ஏழு வருடம்' என்ற கணக்கு அந்தக் கேள்விக்குக் கிடையாது. மாநில கோர்ட் அழித்திருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

ஒரே ஒரு டியூஐ-யால் மட்டும் கிளியரன்ஸ் போய்விடுவது அபூர்வம். மறைத்தால்தான் சிக்கல்: கிளியரன்ஸ் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் விதிகளில், மதுவுக்கான 'ஜி' வழிகாட்டியோடு, நேர்மையைப் பார்க்கும் 'இ'-யும் சேர்ந்துகொள்ளும். முதலாவதைக் காலம் ஆற்றும், இரண்டாவது லேசில் ஆறாது.

டியூஐ-க்காகப் போன மது விழிப்புணர்வு வகுப்பை முடித்த சான்றிதழ், அபராதம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் இப்போதே ஒரு ஃபைலில் போடுங்கள். விசாரணை அதிகாரி, "இப்போது வாரத்துக்கு எத்தனை டிரிங்க்?" என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசலாம்! அப்புறம், டாக்டர் குடியை அறவே நிறுத்தச் சொல்லியிருந்து நீங்கள் இன்னும் குடிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அப்படியானால் படிவத்தில் கை வைக்கும் முன் ஒரு கிளியரன்ஸ் வக்கீலைப் பாருங்கள்.