சட்டமாணி (LLB) படிக்கும்போதே காணிச் சட்டச் சான்றிதழ் எடுக்கலாமா?

உங்கள் பீடம் அனுமதித்தால் எடுக்கலாம். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல அது கிளிநொச்சியில் உங்களைக் "காணி வழக்கு நிபுணர்" என்று பெயர்ப்பலகை போட வைக்காது. இலங்கையில் சட்டத்தரணி என்பது ஒரே தகுதிதான், துறைவாரியாகப் பிரித்துத் தருவதில்லை. சட்டக்கல்லூரிப் பரீட்சைகளுக்கும் அது ஈடாகாது.

இந்தக் குழப்பம் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் பக்கங்களைப் பார்த்து வந்திருக்கும். அங்கே பட்டத்தோடு சேர்த்தே குறிப்பிட்ட பாடங்களை எடுத்தால் சிறப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

பணம் கட்டமுன் இரண்டு விஷயம் பாருங்கள்.

1. ஒரே நேரத்தில் இன்னொரு பாடநெறியில் பதியலாமா என்று உங்கள் பீடத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

2. பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். கிளிநொச்சி அடங்கும் வன்னியில் பிரச்சினை சொந்த உறுதி உள்ள காணியில் மட்டும் இல்லை, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியிலும்தான். ஆகவே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இருக்கவேண்டும். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில், காணியின் கூட்டு உரிமையாளரான பங்காளிக்கு முதலில் விற்கும் விதி இருக்கவேண்டும். முக்கியமாக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம்: போரால் தங்கள் காணிக்கு வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை, வேறொருவர் நீண்டகாலம் வைத்திருந்து காணிக்கு உரிமை கோரும் ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது அது. இடம்பெயர்ந்து திரும்பிய எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பிடிமானமாக இருந்தது. இவை இல்லாத பாடநெறி என்றால் விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: சனி, ஞாயிறு சான்றிதழ் வகுப்புக்காகக் கொழும்புக்கு ஓடி, பட்டப்படிப்பின் வரவு குறைந்தால் பரீட்சைக்கு இருக்கவிட மாட்டார்கள்.